பதினெட்டுக் குதிரை பாக்கி

1

இந்தக் கதை, ஒரு கட்டுரையை எழுதாமல் தப்பிப்பதற்காக எழுதப்படுகிறது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ஏமாற்றிவிட்டாள் என்று நீங்கள் புலம்பக் கூடாது.

கட்டுரைக்குத் தலைப்பு தயாராக இருக்கிறது: ‘ஒரே கார், நான்கு நாடுகள்: என்ஜின் திறன் ஓர் ஒப்பீடு.’ பழைய கார் வைத்திருப்பவர்களின் சங்கம் நடத்தும் சிறு பத்திரிகைக்கானது. அந்தப் பத்திரிகையை வாசிப்பவர்களைவிட அதில் எழுதுபவர்கள் அதிகம். எனக்குக் காரைப் பற்றி, கதவை எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்பதைத் தாண்டி ஒன்றும் தெரியாது. நான் கதை எழுதுகிறவள். ஆனால் பத்திரிகையின் ஆசிரியர் என் அத்தான், அக்காவின் கணவர்.

"நீதான் எழுத்தாளியாச்சே. இதைக் கொஞ்சம் தேடிப் பாத்து எழுதிக் குடேன்" என்றார்.

அக்கா இறந்த பிறகு அவர் என்னிடம் வாய்திறந்து கேட்ட முதல் உதவி அது. (சாப்பிட்டீங்களா என்று கேட்டால் ஆச்சு என்பார். அடுப்பு சில்லென்று இருக்கும்.) அதனால் மறுக்க முடியவில்லை. தேடினேன். கண்டுபிடித்தும் விட்டேன். கண்டுபிடித்ததை அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல்தான் இங்கே வந்து உட்கார்ந்து உங்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

அத்தான் கதை படிப்பதில்லை. கதை என்றால் எடை குறைவான சரக்கு என்பது அவருடைய அபிப்பிராயம். எனவே இங்கே நான் பயமில்லாமல் பேசலாம்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: "இரட்டைச் சகோதரர்கள் இருவர் வெவ்வேறு நாடுகளில் வளர்ந்தார்கள். ஒருவனைப் பலசாலி என்றார்கள், மற்றவனை—"

நிறுத்திவிட்டேன். இவ்வளவு கச்சிதமாக ஓர் உவமை கையில் வந்து விழுந்தால் அதைச் சந்தேகப்பட வேண்டும்.

இரண்டாவது: "இரண்டு லிட்டர் கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் கொண்ட அந்த என்ஜின், ஏற்றுமதியான நாடுகளைப் பொறுத்து வெவ்வேறு குதிரைத்திறன் கொண்டதாக அறிவிக்கப்பட்டது. இதற்கான காரணங்களை ஆராயும்போது"

ஆராயும்போது தூக்கம் வந்தது. அப்படியே விட்டுவிட்டேன், முற்றுப்புள்ளிகூட வைக்கவில்லை.

மூன்றாவது: "கார் ஷெட்டின் தரையில், நீலப் பூப்போட்ட படுக்கை விரிப்பின் மேல், ஓர் என்ஜின் துண்டு துண்டாகக் கிடக்கிறது. விரிப்பு என் அக்காவுடையது."

இதை அடிக்க மனம் வரவில்லை. இருக்கட்டும்.

3

கட்டுரையில் வந்திருக்க வேண்டிய விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இது தெரியாமல் மற்றது புரியாது. கணக்கென்றால் ஓடுகிறவர்கள் ஓட வேண்டாம், எல்லாம் நான்கைந்து எண்கள்தான்.

அந்தக் கார் பிறந்த நாட்டில் அதன் திறன் தொண்ணூற்று மூன்று குதிரை என்று அச்சிட்டிருந்தார்கள். எங்கள் நாட்டில் விற்றபோது தொண்ணூற்று இரண்டு. நல்ல பெட்ரோல் கிடைக்காத ஒரு நாட்டில் எண்பத்தொன்று. கடல் தாண்டி உள்ள பெரிய நாட்டில், பளபளக்கும் விளம்பரப் புத்தகத்தில், நூற்றுப்பத்து.*

அதே கார்தான். முகப்பு விளக்குகூட மாறவில்லை.

தொண்ணூற்று மூன்றுக்கும் தொண்ணூற்று இரண்டுக்கும் சண்டை இல்லை. கார் பிறந்த நாட்டுக்காரர்கள் ‘ஒரு குதிரை’ என்று வைத்திருந்த அளவு கொஞ்சம் சிறியது. இளைத்த குதிரை. இளைத்த குதிரையால் அளந்தால் எண்ணிக்கை ஒன்று கூடத்தானே செய்யும். எண்பத்தொன்றும் நியாயமானது. மட்டமான பெட்ரோலை ஊற்றினால் என்ஜின் உள்ளே தடதடவென்று தட்டும். அதனால் அந்த நாட்டுக்கென்று வேறு பிஸ்டன் போட்டு, பெட்ரோலும் காற்றும் உள்ளே நசுங்குவதைக் குறைத்து அனுப்பினார்கள். அங்கே உண்மையாகவே பலம் குறைவு.

மிச்சம் இருப்பது தொண்ணூற்று இரண்டுக்கும் நூற்றுப்பத்துக்கும் இடையிலுள்ள பதினெட்டு. அதே பிஸ்டன், அதே கார்புரேட்டர். அந்தப் பதினெட்டுக் குதிரைகள் எங்கே போயின?

இந்தக் கேள்விதான் என் அத்தானைத் தின்றது. அக்காவின் கடைசிக் காலத்தையும் தின்றது என்று எழுதலாமா? எழுதிவிட்டேன்.

(* நூற்றுப்பத்து என்ற எண்ணை அந்தப் புத்தகத்தில் சிவப்பு மையில் சாய்வாக, பெரிதாகப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். அக்கா அவளைப் பார்த்து, "இவ எதுக்கு இப்படிச் சிரிக்கிறா, இவளா தள்ளினா வண்டிய?" என்றாள். அப்போது அவளால் இன்னும் சத்தமாகச் சிரிக்க முடிந்தது.)

4

இப்போது அத்தானை அறிமுகப்படுத்த வேண்டும். ஒரு பாத்திரத்தை அவருடைய வேலையை வைத்து அறிமுகப்படுத்துவது சோம்பேறி எழுத்தாளரின் வழி. ஆனால் அத்தான் விஷயத்தில் வேறு வழி இல்லை. அவரிடமிருந்து வேலையைக் கழித்தால் ஒரு மீசையும் ஒரு காரும்தான் மிஞ்சும்.

அவர் முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவர். கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவதும், இல்லாவிட்டால் பறிமுதல் செய்வதும் வேலை. கடைக்காரர்கள் அவரை ‘முத்திரை’ என்றே அழைத்தார்கள். "முத்திரை வரார்" என்ற சொல் தெருவின் ஒரு முனையில் கிளம்பினால் மறுமுனையில் தராசுகள் யோக்கியமாகிவிடும். கல்யாண வீட்டில் பரிமாறினால்கூட அவருடைய கரண்டி எல்லோருக்கும் ஒரே அளவில் விழும் என்று அக்கா கேலி செய்வாள்.

உலகத்தைப் பற்றி அவருக்கு இருந்த ஒரே நம்பிக்கை இதுதான்: கிலோ எங்கே போனாலும் கிலோ. ஆள் பொய் சொல்வான். கல் சொல்லாது. எண்கள் இரண்டு இடத்தில் வேறுபட்டால் எங்கேயோ ஒருவன் திருடியிருக்கிறான்.

வெளிநாட்டில், அந்தப் பெரிய நாட்டில், இருக்கும் அக்காவின் மகன், பழைய சாமான் சந்தையில் அந்த விளம்பரப் புத்தகத்தைப் பார்த்து, அப்பாவுக்குப் பிடிக்குமே என்று வாங்கி அனுப்பினான். அத்தான் அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் புரட்டினார். சிவப்பு எண்ணைப் பார்த்தார். எழுந்துபோய், தன் காரோடு வந்த கையேட்டை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

"பாத்தியா? நமக்கு மட்டும் மட்டமா குடுத்திருக்கானுங்க."

"என்னத்தை?" என்றாள் அக்கா.

"வண்டியத்தான். அவங்களுக்கு நூத்திப்பத்து. நமக்குத் தொண்ணூத்திரண்டு. பதினெட்டுக் குதிரையை அமுக்கிட்டானுங்க. இத்தனை வருஷமா நான் அதைக் கவனிக்கவே இல்ல பாரு. ஊரான் தராசெல்லாம் பாத்தேன்."

"சரி விடுங்க. இருக்கிற குதிரை போதும்."

"எப்படிப் போதும்? மலை ஏற வேண்டாமா?"

 மலை என்ற சொல் அந்த வீட்டில் அந்தச் சமயத்தில் விளையாட்டுச் சொல்லாக இல்லை. அதற்கு முந்தின வாரம்தான் டாக்டர் அவர்களை உட்காரவைத்துப் பேசியிருந்தார். இனி மருந்தில் பெரிய பலன் இல்லை, எங்கேயாவது போக ஆசைப்பட்டால் தாமதிக்காமல் அழைத்துப் போங்கள் என்று.

அக்கா ஆசைப்பட்ட இடம் அந்த மலை உச்சி.

5

மலைக்கதை.

(இதை நீளமாக எழுதியிருந்தேன். மேகம், பள்ளத்தாக்கு, குளிர் எல்லாம் இருந்தது. பாதிக்குமேல் வெட்டிவிட்டேன். எனக்கு அப்போது ஏழு வயது. மேகம் ஞாபகமில்லை, அக்காவின் மடி ஞாபகமிருக்கிறது.)

கல்யாணம் ஆன புதிதில், அத்தான் அந்தக் காரை வாங்கிய சூட்டோடு, எல்லோரையும் ஏற்றிக்கொண்டு மலைக்குக் கிளம்பினார். வண்டிக்குள் ஏழு பேர், மேலே மூட்டை முடிச்சு. உச்சிக்கு முந்தின திருப்பத்தில் வண்டி திணறி, ஆவி கக்கி, நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். அக்கா மட்டும் இறங்க மாட்டேன் என்றாள்.

"நான் புதுப்பொண்ணு. உக்காந்துதான் வருவேன்."

மகாராணிபோல் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று குரல் கொடுத்தாள். அவள் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலையில் இருந்தவள். அந்தக் குரலுக்காகவே ஊரில் சிலர் தேவையில்லாமல் போன் செய்தார்கள் என்று அத்தான் சொல்வார், கொஞ்சம் பெருமையாகவும் கொஞ்சம் பொறாமையாகவும்.

உச்சிக்குப் போகவில்லை. திரும்பி இறங்கிவிட்டோம். அதற்குப் பிறகு மகன், வேலை, வீடு என்று காலம் ஓடிவிட்டது. ‘அந்த மிச்சத் திருப்பம்’ என்பது அவர்களுக்குள் ஒரு சொல்லாகவே ஆகிவிட்டது. எது முடியாமல் இருந்தாலும், பாதியில் நின்ற பின்னலானாலும் பாதி பேசி வைத்த போனானாலும், அது மிச்சத் திருப்பம்தான்.

வாடகைக் கார் எடுத்துப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

"வாடகை வண்டியில போறதுக்கு நான் என்ன சுற்றுலாவா வந்திருக்கேன்?" என்றாள் அக்கா. "நம்ம வண்டியிலதான். இந்தத் தடவையும் இறங்க மாட்டேன்."

இறங்க மாட்டாள் என்பது வேடிக்கை. அவளால் இறங்கி நடக்க முடியாது என்பது நிஜம். பின்சீட்டில் படுக்கவைத்து, பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டரை வைத்துத்தான் அழைத்துப் போக வேண்டும். அந்தத் திருப்பத்தில் வண்டி மறுபடி நின்றுவிட்டால்? அத்தானின் பயம் இதுதான். அவரைக் கிறுக்கர் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு தடவை கைவிட்ட வண்டி அது. இப்போது அதிலிருந்து பதினெட்டுக் குதிரைகளை எவனோ திருடியிருக்கிறான் என்றும் தெரிந்துவிட்டது. திருட்டுத் தராசில் பெண்டாட்டியை ஏற்றுவாரா?

அந்த வாரமே என்ஜினை இறக்கிவிட்டார்.

6

இங்கே ஒரு பிரச்சினை. இந்த இடத்தில் அக்கா என்ன நினைத்தாள் என்று எழுத வேண்டும்.

முதல் பிரதியில் இப்படி எழுதினேன்:

அக்காவின் படுக்கையறை ஜன்னல் கார் ஷெட்டைப் பார்த்தது. ஸ்பேனர் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். "அத்தான்கிட்ட நான் சொல்லட்டுமா, போதும்னு?" என்று கேட்டேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டே சிரித்தாள். "பிரிக்கட்டும் விடு. கை சும்மா இருந்தா மனுஷன் உடைஞ்சிடுவாரு."

நன்றாக இருக்கிறது, இல்லையா? எனக்கே கண்ணீர் வந்தது. இந்த ஒரு வரியால் எல்லோருக்கும் மன்னிப்புக் கிடைத்துவிடுகிறது. அத்தான் செய்தது வீண் இல்லை, அக்கா எல்லாம் புரிந்தவள், நானும் நல்ல தங்கை.

அவள் அப்படிச் சொல்லவில்லை. நான் சொல்லவைத்தேன்.

அவள் சொன்னது இது. முதலில் சில நாட்கள், "எப்பப் போறோம்?" அத்தான் கரி படிந்த கையோடு வாசலில் நின்று, "இன்னும் பதினெட்டுக் குதிரை பாக்கி இருக்கு. புடிச்சிட்டு வந்துடறேன்" என்பார். அவள் சிரிப்பாள். பிறகு, "இன்னும் எத்தனை குதிரை?" பிறகு, குரல் தேய்ந்து காற்றாக ஆன பிறகு, கையை மட்டும் ஷெட் பக்கம் காட்டி, புருவத்தை உயர்த்துவாள். அவர், "வால்வு பாத்துட்டேன், ஒண்ணும் குறையில்ல. வால்வைத் திறந்து மூடற கேம் ஷாஃப்டுலதான் கைவெச்சிருக்கணும். பாத்துடறேன்" என்பார்.

ஒரு மத்தியானம் அவளுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தேன். தலை என்று இருந்தது கொஞ்சம்தான். என் காதை வாய்ப்பக்கம் இழுத்துச் சொன்னாள்:

"என்னைவிட அவருக்கு அந்த என்ஜின்தான் பெருசாப் போச்சு, இல்ல?"

நான் இல்லை என்றேன். நிஜமாகவே இல்லைதான். அவளுக்காகத்தான் அவர் அங்கே கிடந்தார். ஆனால் கிடந்தது அங்கே. அவள் கிடந்தது இங்கே. நடுவில் ஒரு ஜன்னல். நான் அந்த ஜன்னலைத் திறந்துவைப்பதா மூடிவைப்பதா என்று தெரியாமல் தினமும் திறந்து மூடினேன்.

மழைக்காலம் முடிவதற்குள் அக்கா போய்விட்டாள். ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றும்போது ஷெட்டுக்குள் என்ஜின் இல்லாத கார் வாயைத் திறந்துகொண்டு நின்றது. அவள் பார்த்தாளா என்று தெரியாது. பார்க்கவில்லை என்றே எழுதுகிறேன்.

7

கட்டுரைக்காக நான் போய்ப் பார்த்தது ஓர் என்ஜின் சோதனைக்கூடம். அதன் தலைமைப் பொறியாளர் என்னைவிடச் சின்னவர். பரபரப்பான பெண். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வரச்சொல்லி, சாப்பிட்டுக்கொண்டே பேசினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் என்ஜின் இரும்பு மேடையில் முடுக்கப்பட்டு, உச்ச வேகத்தில் அலறிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் அது ஒரு கொசு.

நான் எண்களைச் சொன்னதும் அவர் கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ஓ, இதுவா. அந்தக் காலத்துல அந்த நாட்டுல என்ஜினை மொட்டையா அளப்பாங்க."

"மொட்டையான்னா?"

"விசிறியைக் கழட்டிடுவாங்க. டைனமோவைக் கழட்டிடுவாங்க. ஏர் ஃபில்டர் கிடையாது, சைலன்சர் கிடையாது. வெறும் என்ஜின். அது அப்ப எவ்வளவு இழுக்குதோ அதைப் போட்டுடுவாங்க. நம்ம நாட்டுக் கையேட்டுல எல்லாத்தையும் மாட்டி, ரோட்டுல எப்படி ஓடுமோ அப்படி வெச்சு அளந்திருக்காங்க." யோசித்துவிட்டுச் சேர்த்தார்: "இப்ப நான் வெறுங்கையோட படி ஏறறது ஒண்ணு. இடுப்புல குழந்தை, கையில காய்கறிப் பையோட ஏறறது ஒண்ணு. அதே ஆள்தானே?"

"அப்ப நூத்திப்பத்து பொய்யா?"

"பொய்யில்லையே. அதுவும் சரி. தொண்ணூத்திரண்டும் சரி."

"எங்க வண்டியில எதுவும் குறையலையா?"

"என்ன குறையணும்?" என்றார்.

நான் அதோடு எழுந்து வந்திருக்க வேண்டும். வாய் சும்மா இருக்கவில்லை. அந்த மலையைச் சொன்னேன். மூன்று பேர், ஓர் ஆக்சிஜன் சிலிண்டர், மெதுவாகப் போனால் போதும். ஏறியிருக்குமா?

"நல்ல நிலையில இருந்ததா வண்டி?"

"அத்தான் தினமும் துடைப்பாரு."

"தாராளமா ஏறியிருக்கும். அன்னைக்கு நின்னது ஏழு பேரோட பாரத்துக்கு. தண்ணி கொதிச்சிருக்கும். மூணு பேருன்னா சும்மா போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்து, "ஏங்க, என்னாச்சு?" என்றார்.

தாராளமா. சும்மா. வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து இந்த இரண்டு சொற்களையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டேன் என்று நினைக்கிறேன். அக்கா போன அன்றைக்கு வராத அழுகை, ஆஸ்பத்திரியில் வராத அழுகை, என்ஜினுக்காக வந்தது.

( ‘என்ஜினுக்காக’ என்பது தவறு. வேறு சொல் கிடைக்கும்வரை இருக்கட்டும்.)

8

இதுதான் நிலைமை. ஒரு மனிதர் நன்றாக இருந்த என்ஜினை, அதில் இல்லாத குறையைத் தேடிப் பிரித்தார். அந்தக் குறை எண்களில் மட்டும்தான் இருந்தது. எண்ணை நம்புவதே பிழைப்பாக இருந்த மனிதர் என்பதால்தான் அந்தத் தவறைச் செய்தார். வேறு யாராக இருந்தாலும், கம்பெனிக்காரன் அளந்துவிடுகிறான் என்று சிரித்துவிட்டு, பெட்ரோல் போட்டுக்கொண்டு மலைக்குக் கிளம்பியிருப்பார்கள்.

இன்னமும் தேடுகிறார். போன வாரம் ஷெட்டுக்குப் போனேன், சொல்லிவிடுவது என்ற முடிவோடு. நீல விரிப்பின் மேல் பாகங்கள் எல்லாம் துடைத்து, எண்ணெய் பூசி, வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் நூலில் ஒரு சீட்டு. ‘வால்வு 3: சரி.’ ‘பிஸ்டன் 2: எடை சரி.’ பிஸ்டன்களை அவர் தராசில் போட்டு எடை பார்த்திருந்தார். நான்கும் ஒன்றுக்கொன்று இம்மி பிசகாமல் இருந்தனவாம். அதைச் சொல்லும்போது அவருக்கு ஏமாற்றம்.

"வாம்மா எழுத்தாளி. ஸ்டூல்ல உக்காராதே, கிரீஸ் இருக்கு."

"அத்தான், சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு. கண்டுபிடிச்சியா?"

"தேடிக்கிட்டிருக்கேன்."

"கேம் ஷாஃப்டுதான். வேற எதுவா இருந்தாலும் இந்நேரம் என் கையில மாட்டியிருக்கணும். அவனுங்களுக்கு வேற கேம் ஷாஃப்டு போட்டு அனுப்பியிருக்கானுங்க. அது ஒண்ணைத்தான் என்னால அளந்து பாக்க முடியல, ஒப்பிட இன்னொண்ணு இல்லியே." கேம் ஷாஃப்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். "நீ அதைக் கண்டுபிடிச்சு எழுதிட்டீன்னா போதும். மாட்டி மூடிடுவேன்."

"மூடிட்டு?"

"மூடிட்டு..." என்றவர் ஜன்னலைப் பார்த்தார். அறைக்குள் விளக்கில்லை. கட்டிலில் மெத்தை சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. "அவளோட அந்தச் சால்வை இருக்குல்ல, அதைப் பின்சீட்டுல வெச்சு ஒரு நடை மேல போய்ட்டு வந்துடலாம்னு பாக்கறேன். மிச்சத் திருப்பம்."

இந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வேண்டியிருந்தது இவ்வளவுதான்: அத்தான், எதுவும் குறையலை, அன்னைக்கே—

9

சாத்தியமான முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

அவருக்கு முதலிலிருந்தே தெரியும் என்பது ஒன்று. சாகப்போகும் மனைவியின் முகத்தைப் பார்க்கும் தைரியமில்லாமல் என்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டார். இது சாமர்த்தியமான முடிவு. அதனாலேயே பிடிக்கவில்லை. அவர் பொய்யர் இல்லை.

இன்னொன்றில் நான் சொல்லிவிடுகிறேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு நீல விரிப்பின் மேல் உட்கார்ந்து அழுகிறார். நான் பக்கத்தில் உட்காருகிறேன். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து... இல்லை. சேர்ந்து ஒன்றும் செய்ய மாட்டோம். நான் வீட்டுக்குப் போய்விடுவேன். அவர் தனியாக அந்த ஷெட்டில் இருப்பார். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று என்னால் எழுதவே முடியவில்லை. பயமாக இருக்கிறது. கற்பனை செய்வது என் தொழில், அதனால் பயம் அதிகம்.

மகனைவிட்டுச் சொல்லச் சொல்லலாமா? அந்தப் புத்தகத்தை அனுப்பியவனே அவன்தான். அவனுக்கும் தெரியாது. ஒருவரை உடைக்க வேண்டிய இடத்தில் இரண்டு பேரை உடைப்பானேன்.

10

கடைசியில் கட்டுரையின் முடிவு வாக்கியம் மட்டும் எழுதப்படாமல் நிற்கிறது. மற்றதெல்லாம் தயார். இரண்டு வாக்கியங்கள் எழுதி வைத்திருக்கிறேன்.

அ. "ஆக, நூற்றுப்பத்து என்றாலும் தொண்ணூற்று இரண்டு என்றாலும் ஒரே என்ஜின்தான், அளந்த முறைதான் வேறு, நம் வண்டியில் எதுவும் குறையவில்லை."

ஆ. "ஆக, அந்த நாட்டுக்குப் போன வண்டிகளில் வேறு கேம் ஷாஃப்ட் பொருத்தப்பட்டது, அது இப்போது எங்கும் கிடைப்பதில்லை, இருப்பதைக் கொண்டே வண்டியை ஓட்டலாம்."

முதலாவது உண்மை. அதை அச்சிட்டால், தன் மனைவியின் கடைசி ஆசையை ஒன்றுமில்லாததற்காகத் தவறவிட்டவர் என்று அந்த மனிதர் தெரிந்துகொள்வார். இரண்டாவது பொய். அதை அச்சிட்டால், தான் சந்தேகப்பட்டது சரிதான் என்று திருப்தியோடு என்ஜினை மூடுவார், சால்வையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போவார். தொண்ணூற்று இரண்டு குதிரைகளோடு வண்டி சும்மா ஏறும். ஏறும்போது அவருக்குப் புரிந்துவிடுமா? அதுவும் எனக்குத் தெரியவில்லை. அதுமட்டுமல்ல. ஆயுள் முழுக்கக் கள்ளத் தராசுகளைப் பிடித்துப் பறிமுதல் செய்த மனிதரின் கையில் நான் ஒரு கள்ள எடைக்கல்லைக் கொடுத்து, இதற்கு முத்திரை குத்துங்கள் என்று நீட்டுகிறேன். அவருடைய பத்திரிகையில், ஆசிரியர் என்ற அவருடைய பெயரின் கீழ் அது வரும்.

எட்டாம் பகுதியில் ஒரு வரியைப் பாதியில் நிறுத்தினேன். அங்கே நான் பேசாமல் நின்றதாக நீங்கள் நினைத்திருப்பீர்கள். பேச வாயெடுத்தேன். "அத்தான், எதுவும்" என்ற அளவுக்கு வந்துவிட்டது. அவர் கேம் ஷாஃப்டைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார், குழந்தையைச் சுற்றுவதுபோல. என்னைப் பார்க்கவில்லை. அப்போது அவர் ஒன்று சொன்னார். அக்காவுக்கு நான் வசனம் எழுதிக் கொடுத்ததை ஒப்புக்கொண்டவள்தான், ஆனால் இந்த வரியை நான் எழுதவில்லை. இப்படி ஒரு வரியை எழுதும் துணிச்சல் எனக்குக் கிடையாது.

"எது வேணா எழுதும்மா. எதுவும் குறையலைன்னு மட்டும் எழுதிடாதே."

சொல்லிவிட்டு, சுற்றியதைப் பிரித்து, மறுபடியும் முதலிலிருந்து சுற்ற ஆரம்பித்தார்.

கட்டுரையை நாளைக்குக் கேட்பார். மேலே இரண்டு வாக்கியங்கள் இருக்கின்றன. ஒன்றை அடித்துவிடுங்கள். என்னால் முடியவில்லை.